தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளின் செயலிழப்பு

தண்டர்பேர்ட் செயலிழப்பு என்பது மொசில்லா தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருள், பயனர் மூடாமலேயே திடீரென நின்று மறைந்துவிடும் நிலையைக் குறிக்கும். தண்டர்பேர்ட் கட்டற்ற மென்பொருள் ஆகும். இதன் 1.0 பதிப்பு 2004 டிசம்பர் 7 அன்று வெளியானது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இது இயங்குகிறது.

மின்னஞ்சல் மென்பொருள் செயலிழப்பதும் மடல்கள் அழிவதும் ஒன்றல்ல. பெரும்பாலான செயலிழப்புகளில் மடல்கள் வன்தட்டில் அப்படியே இருக்கின்றன. செயலிழப்புக்குப் பின்னர் பதற்றத்தில் செய்யப்படும் திருத்த முயற்சிகளாலேயே மடல்கள் அழிய நேர்வதுண்டு. ஆகவே முதலில் காப்புநகல் எடுத்து, பின்னர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து காரணத்தைத் தேடுவதே இச்சிக்கலுக்குரிய முறையாகும்.

செயலிழப்பும் உறைதலும்

ஒரு நிரல் தனக்கு ஒதுக்கப்படாத நினைவகப் பகுதியைப் படிக்கவோ அதில் எழுதவோ முற்பட்டால் இயங்குதளம் அந்நிரலை உடனே நிறுத்திவிடும். விண்டோஸ் இதனை 0எக்ஸ்சி0000005 என்ற பிழை எண்ணால் குறிக்கிறது. லினக்சில் இது செக்மென்டேசன் ஃபால்ட் எனப்படுகிறது. நினைவகம் போதாமையாலும் நிரல் நிற்கக்கூடும். இவை செயலிழப்பு ஆகும்.

சாளரம் திரையில் இருந்தும் சொடுக்குகளுக்கு எதிர்வினை காட்டாத நிலை உறைதல் எனப்படும். பெரிய அஞ்சல் அடைவு ஒன்றைத் திறக்கும்போதோ சுருக்கும்போதோ மென்பொருள் சில நிமிடங்கள் உறைந்து, பின்னர் தானே மீள்வதுண்டு. இதனைச் செயலிழப்பு எனக் கருதி வலிந்து மூடினால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுபடலாம். எனவே, வன்தட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை காத்திருப்பது நல்லது.

மடல்கள் இருக்கும் இடம்

தண்டர்பேர்டை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, நிறுவப்பட்ட மென்பொருள். இரண்டாவது, புரொஃபைல் எனப்படும் பயனரின் கோப்புறை. மூன்றாவது, தொலைவில் இருக்கும் அஞ்சல் வழங்கி.

மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினால் முதற்பகுதி மட்டுமே புதிதாகிறது. புரொஃபைல் தனிக் கோப்புறையில் தங்கிவிடுகிறது. இதன் காரணமாகவே மறுநிறுவலுக்குப் பிறகும் பழைய செயலிழப்பு தொடர்வதைப் பலர் காண்கின்றனர். மென்பொருளின் கோப்புகள் பழுதானபோது மட்டுமே மறுநிறுவல் பயன்தரும்.

புரொஃபைல் கோப்புறையின் பெயர், தற்செயலாக அமைந்த எட்டு எழுத்துகளிலும் எண்களிலும் தொடங்கும். உதவிப் பட்டியலில் உள்ள சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்திலிருந்து இதனைத் திறக்கலாம். மென்பொருளே திறக்காதபோது, லினக்சில் பயனரின் வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் தண்டர்பேர்ட் கோப்புறையிலும், விண்டோசில் ஆப்டேட்டா என்னும் மறைந்த கோப்புறையின் ரோமிங் பகுதியிலும், மாக்கில் லைப்ரரி கோப்புறையிலும் தேட வேண்டும். மடல்கள், முகவரிப் புத்தகம், கடவுச்சொற்கள், வடிகட்டி விதிகள், அமைப்புகள் ஆகிய அனைத்தும் இதனுள்ளே அடங்கும்.

எம்பாக்ஸ் கோப்பும் சுட்டுக் கோப்பும்

இயல்பான அமைப்பில் தண்டர்பேர்ட் ஒவ்வொரு அஞ்சல் அடைவையும் எம்பாக்ஸ் எனும் வடிவில் ஒரே உரைக்கோப்பாகச் சேமிக்கிறது. இன்பாக்சில் 10,000 மடல்கள் இருந்தாலும் அவை இன்பாக்ஸ் என்ற பெயருள்ள, பின்னொட்டு எதுவுமற்ற ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். இதனை எளிய உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். தண்டர்பேர்ட் அறவே இயங்காவிட்டாலும் மடல்களை மீட்க முடிவது இதனால்தான்.

இக்கோப்பின் அருகிலேயே எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் மற்றொரு கோப்பு இருக்கும். இது சுட்டுக் கோப்பு ஆகும். அனுப்புநர், தலைப்பு, நாள் போன்ற விவரங்களையும், பெரிய கோப்பினுள் ஒவ்வொரு மடலும் தொடங்கும் இடத்தையும் இது குறித்து வைக்கிறது. நூலின் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவு கிழிந்தாலும் நூல் அழிவதில்லை. அதுபோலவே சுட்டுக் கோப்பு பழுதானாலும் மடல்கள் அழிவதில்லை. அதனை மடல் கோப்பிலிருந்து மீண்டும் உருவாக்கலாம்.

சுட்டுக் கோப்பு மோர்க் எனப்படும் பழைய தரவு வடிவில் அமைந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2008 இல் வெளிவந்த அதன் 3 ஆம் பதிப்பில் வரலாற்றுப் பதிவுகளுக்கு மோர்க்கைக் கைவிட்டு எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாறியது. தண்டர்பேர்டின் அஞ்சல் சுட்டுகளில் அது அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

பொதுவான காரணங்கள்

* பொருந்தாத நீட்சிகள்: மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய நீட்சி பொருந்தாமல் போகலாம். 2020 இல் வெளியான 78 ஆம் பதிப்பில் பழைய வகை நீட்சிகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டது.
* பழுதான சுட்டுக் கோப்பு: மின்தடை, வலிந்து மூடுதல், வன்தட்டு நிரம்புதல் ஆகியவற்றால் ஏற்படும்.
* பழுதான தேடல் தரவுத்தளம்: 2009 இல் வெளியான 3.0 பதிப்பு முதல் எல்லா மடல்களிலும் தேடுவதற்கெனத் தனித் தரவுத்தளம் ஒன்று உள்ளது.
* வரைகலை அட்டையின் இயக்கி: திரையில் வரைவதற்கு வன்பொருள் முடுக்கம் பயன்படுவதால் இயக்கியின் வழு மென்பொருளையும் வீழ்த்தும்.
* நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்: மடல் கோப்பைத் தண்டர்பேர்ட் எழுதும் அதே வேளையில் அதனைப் பூட்டிச் சோதிப்பதால் மோதல் ஏற்படும்.
* ஒரு குறிப்பிட்ட மடல்: ஒழுங்கற்ற எச்டிஎம்எல் உரையோ இணைப்போ, காட்சிப்படுத்தும் பொறியில் உள்ள வழுவைத் தூண்டலாம்.
* வன்பொருள் குறை: பழுதான நினைவகத் துண்டு, தேய்ந்த வன்தட்டு ஆகியன.
* மென்பொருளிலேயே உள்ள வழு: இதனைப் பயனர் நீக்க முடியாது. அறிக்கை அனுப்பிப் புதிய பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

காப்புநகல்

எந்தத் திருத்தத்தையும் தொடங்குமுன் தண்டர்பேர்டை முழுமையாக மூடி, புரொஃபைல் கோப்புறை முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுக்க வேண்டும். மென்பொருள் இயங்கும்போது எடுக்கும் படி குறையுடையதாக அமையலாம்.

மடல்கள் எந்த நெறிமுறையில் பெறப்படுகின்றன என்பதைப் பொறுத்து இதன் இன்றியமையாமை மாறுபடும். ஐமேப் முறையில் மடல்களின் மூலம் வழங்கியிலேயே இருக்கும். கணினியில் இருப்பது அதன் நகல் மட்டுமே. பாப்3 முறையில் மடல்கள் கணினிக்கு இறக்கப்பட்ட பின்னர், உடனேயோ குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகோ வழங்கியிலிருந்து நீக்கப்படும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறாயின் பயனரின் வன்தட்டில் உள்ள கோப்பே உலகில் உள்ள ஒரே படியாகும். பத்து ஆண்டுக் கடிதப் போக்குவரத்து அந்த ஒரு கோப்பில் இருக்கக்கூடும்.

ஐமேப் பயனர்களும் முழுதும் பாதுகாப்பானவர்கள் அல்லர். உள்ளமை அடைவுகள் என்னும் பகுதிக்கு நகர்த்தப்பட்ட மடல்களும் வடிகட்டி விதிகளும் கணினியில் மட்டுமே இருக்கும். மேலும், ஐமேப் கணக்கின் அடைவொன்றை மென்பொருளினுள் அழித்தால் அது வழங்கியிலும் அழியும்.

காரணத்தை இடங்காணுதல்

செயலிழக்கும் தருணம்

எப்போது செயலிழக்கிறது என்பதே முதற் குறிப்பு. திறந்தவுடன் நிகழ்ந்தால் நீட்சி, வரைகலை இயக்கி, புரொஃபைல் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஒரு குறிப்பிட்ட அடைவைத் திறக்கும்போது நிகழ்ந்தால் அதன் சுட்டுக் கோப்பையும், ஒரு குறிப்பிட்ட மடலைச் சொடுக்கும்போது நிகழ்ந்தால் அம்மடலையும் ஐயுறலாம். எவ்வித ஒழுங்குமின்றி நிகழ்ந்து, பிற மென்பொருட்களும் அவ்வாறே வீழ்ந்தால் வன்பொருளைச் சோதிக்க வேண்டும். நேரத்தையும் செய்துகொண்டிருந்த பணியையும் ஒரு தாளில் குறித்துவருவது உதவும்.

சிக்கல் தீர்க்கும் நிலை

முன்னர் பாதுகாப்பு நிலை என அழைக்கப்பட்ட இதில் நீட்சிகளும் வன்பொருள் முடுக்கமும் முடக்கப்பட்டு மென்பொருள் திறக்கும். விண்டோசில் சிஃப்ட் விசையையும் மாக்கில் ஆப்சன் விசையையும் அழுத்தியபடி தண்டர்பேர்டைத் திறந்தால் இந்நிலையை அடையலாம்.

இந்நிலையில் செயலிழப்பு நின்றுவிட்டால், காரணம் பெரும்பாலும் நீட்சிகளிலோ வரைகலை இயக்கியிலோ உள்ளது எனக் கொள்ளலாம். தொடர்ந்தால், கீழே கூறப்படும் கோப்புச் சோதனைகளுக்குச் செல்ல வேண்டும். இவ்வொரு சோதனை தேடலின் பரப்பை வெகுவாகக் குறைத்துவிடுகிறது.

நீட்சிகளைப் பாதியாகப் பிரித்தல்

எட்டு நீட்சிகள் இருப்பின் நான்கினை மட்டும் முடக்கி மென்பொருளை இயல்பு நிலையில் இயக்க வேண்டும். செயலிழப்பு நின்றால் முடக்கிய நான்கில் ஒன்றும், தொடர்ந்தால் எஞ்சிய நான்கில் ஒன்றும் காரணம். அந்த நான்கை இரண்டாகவும், இரண்டை ஒன்றாகவும் குறைத்தால் மூன்றே சோதனைகளில் குற்றமுள்ள நீட்சி வெளிப்படும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஏழு முறை வரை தேவைப்படலாம். இரு நீட்சிகள் தமக்குள் மோதுவதால் எழும் செயலிழப்புக்கு மட்டும் இம்முறை நேரடியாகப் பயன்படாது.

எல்லா நீட்சிகளையும் முடக்கிய பின்னரும் இயல்பு நிலையில் செயலிழந்தால், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதனால் நிலைமை சீரானால் வரைகலை இயக்கியை இற்றைப்படுத்துவதே தீர்வு.

சுட்டுகளைப் புதுப்பித்தல்

ஐயத்துக்குரிய அஞ்சல் அடைவின் பண்புகளில் அடைவைச் சீராக்கு என்னும் பொத்தான் உண்டு. அது சுட்டுக் கோப்பை மீண்டும் உருவாக்குகிறது. அடைவைத் தொட்டாலே செயலிழக்கும் எனில், மென்பொருளை மூடி, அந்த எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் புரொஃபைலிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். அடுத்த முறை திறக்கும்போது புதிய சுட்டு உருவாகும். அவ்வடைவின் நிரல் வரிசை போன்ற காட்சி அமைப்புகள் மட்டும் இயல்புக்குத் திரும்பக்கூடும். இங்கே மிகுந்த கவனம் தேவை. பின்னொட்டு உள்ள கோப்பு சுட்டு. அதே பெயரில் பின்னொட்டு இல்லாத கோப்பு மடல்கள். இரண்டாவதை அழித்தால் மடல்கள் அழியும். கோப்புகளின் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துக் காட்டுவதால், அந்த அமைப்பை முதலில் மாற்றிக்கொள்வது நல்லது.

தேடும்போது செயலிழந்தால், குளோபல்-மெசேஜஸ்-டிபி என்று தொடங்கும் எஸ்கியூலைட் கோப்பை இவ்வாறே நகர்த்தலாம். மென்பொருள் எல்லா மடல்களையும் படித்து அதனை மீண்டும் உருவாக்கும். மடல்கள் மிகுதியாக இருப்பின் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

ஒரு மடலே காரணமாயின்

கடைசியாகத் திறந்திருந்த மடலையே தண்டர்பேர்ட் மீண்டும் காட்ட முற்பட்டால், திறக்கும்தோறும் செயலிழக்கும் சுழலில் பயனர் சிக்கிக்கொள்வார். திறந்திருந்த தத்தல்களின் நிலை புரொஃபைலில் உள்ள செசன் என்னும் ஜேசன் கோப்பில் பதிவாகிறது. அதனை நகர்த்தினால் இச்சுழல் அறுபடும். பின்னர் எஃப்8 விசையால் மடல் பலகத்தை மூடிவிட்டு, மடலைத் திறக்காமலே வேறு அடைவுக்கு மாற்றலாம். ஐமேப் கணக்காயின் உலாவி வழியாக வழங்கியில் நுழைந்தும் அதனை அகற்றலாம். மடல்களை வெற்று உரையாகக் காட்டும்படி அமைப்பது எச்டிஎம்எல் தொடர்பான செயலிழப்பைத் தவிர்க்கும்.

புதிய புரொஃபைல்

மேற்கூறிய எதுவும் பயன்தராவிடில், பழைய புரொஃபைலை அழிக்காமல், புரொஃபைல் மேலாளரின் துணையுடன் புதியதொன்றை உருவாக்கிச் சோதிக்க வேண்டும். புதியதில் சீராக இயங்கினால் குறை பழைய புரொஃபைலில் உள்ளது. ஐமேப் கணக்குகளைப் புதியதில் மீண்டும் சேர்த்தாலே போதும். பாப்3 கணக்குகளின் மடல் கோப்புகளை, சுட்டுக் கோப்புகள் இன்றி, புதிய புரொஃபைலின் உள்ளமை அடைவுகளுக்குப் படியெடுக்கலாம். புதியதிலும் செயலிழந்தால் குறை மென்பொருளிலோ கணினியிலோ உள்ளது.

இயங்குதளத்தின் பதிவுகள்

விண்டோசின் நிகழ்வுப் பதிவில் எந்தக் கூறு செயலிழப்பை ஏற்படுத்தியது என்பது எழுதப்பட்டிருக்கும். அங்கு வரைகலை இயக்கியின் பெயரோ நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளின் பெயரோ தென்பட்டால் அது வலுவான சான்றாகும். லினக்சில் முனையத்திலிருந்து தண்டர்பேர்டை இயக்கினால் பிழைச் செய்திகள் தெரியும். நினைவகம் தீரும்போது லினக்ஸ் கருநிரல் தானே ஒரு நிரலைக் கொன்றுவிடுவதுண்டு. அவ்வேளையில் செயலிழப்பு அறிக்கை உருவாகாது. கருநிரலின் பதிவில் மட்டுமே தடயம் இருக்கும்.

செயலிழப்பு அறிக்கை

தண்டர்பேர்ட் வீழ்ந்தவுடன் பிரேக்பேட் என்னும் கருவியை அடிப்படையாகக் கொண்ட அறிக்கைச் சாளரம் தோன்றும். வீழ்ந்த கணத்தில் எந்தச் செயற்கூறு எதனை அழைத்திருந்தது என்ற வரிசையை இது திரட்டுகிறது. பயனர் இசைந்தால் மட்டுமே அறிக்கை மொசில்லா வழங்கிக்கு அனுப்பப்படும்.

அனுப்பப்பட்ட அறிக்கைக்குப் பிபி என்ற இரு எழுத்துகளில் தொடங்கும் அடையாள எண் கிடைக்கும். அதன் கடைசி ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. எடுத்துக்காட்டாக, 240315 என முடியும் எண் 2024 மார்ச் 15 ஆம் நாளுக்குரியது. சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தில் இவ்வெண்களின் பட்டியலைக் காணலாம்.

ஒரே இடத்தில் வீழ்ந்த அறிக்கைகள் ஒரே கையொப்பத்தின் கீழ் தொகுக்கப்படுகின்றன. தன் அறிக்கையின் கையொப்பத்தைத் தேடும் பயனர், அது ஏற்கெனவே அறியப்பட்ட வழுவா, எந்தப் பதிப்பில் திருத்தப்பட்டது என்பதைக் கண்டறியலாம். ஓஓஎம் எனத் தொடங்கும் கையொப்பம் நினைவகப் போதாமையைக் காட்டும். அறிக்கையுடன் செல்லும் நினைவகப் பதிவில் பயனரின் தகவல்கள் சிறிதளவு இடம்பெற வாய்ப்புள்ளதால், அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பயனரே முடிவு செய்ய வேண்டும்.

தவிர்க்க வேண்டிய தவறுகள்

* காப்புநகல் இன்றிக் கோப்புகளை அழித்தல். அழிப்பதற்குப் பதிலாக வேறிடத்துக்கு நகர்த்தினால் தவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.
* பழுதென ஐயுறும் அடைவைச் சுருக்குதல். தண்டர்பேர்டில் அழிக்கப்பட்ட மடல் உண்மையில் கோப்பினுள்ளேயே இருக்கும். அழிக்கப்பட்டது என்ற குறி மட்டும் இடப்படும். சுருக்கும்போதுதான் அது அகற்றப்படுகிறது. ஆகவே தவறுதலாக அழித்த மடலை மீட்கும் வாய்ப்பு சுருக்கலுடன் முடிந்துவிடுகிறது.
* வன்தட்டில் போதிய இடமின்றிச் சுருக்குதல். சுருக்கும்போது தற்காலிகக் கோப்பு ஒன்று எழுதப்படுவதால் அதற்கு இடம் தேவை. என்எஸ்டிஎம்பி என்ற பெயரில் அடைவுகள் தோன்றினால், சுருக்கல் பாதியில் தோற்றது எனப் பொருள்.
* நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இன்பாக்ஸ் கோப்பைத் தனிமைப்படுத்த இசைதல். ஒரு மடலில் நச்சுநிரல் இருப்பினும் முழுக் கோப்பும் அகற்றப்பட்டு எல்லா மடல்களும் மறையும்.
* பழைய பதிப்புக்குத் திரும்புதல். புதிய பதிப்பு மாற்றியமைத்த புரொஃபைலைப் பழைய பதிப்பு படிக்க இயலாமல் போகலாம்.
* ஒரே நேரத்தில் பல மாற்றங்களைச் செய்தல். சீரானாலும் எதனால் சீரானது என்பது தெரியாது. மீண்டும் நிகழும்போது முதலிலிருந்து தொடங்க நேரும்.

பிற மென்பொருட்களில்

இதே நெறி பிற மின்னஞ்சல் மென்பொருட்களுக்கும் பொருந்தும். விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரசில் ஒவ்வொரு அஞ்சல் அடைவும் டிபிஎக்ஸ் கோப்பாக இருந்தது. அதன் அளவு 2 கிகாபைட்டை எட்டும்போது கோப்பு பழுதாவது பெரும் சிக்கலாக விளங்கியது.

மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கின் 2002 மற்றும் அதற்கு முந்தைய பதிப்புகளின் பிஎஸ்டி கோப்புகளுக்கும் 2 கிகாபைட் எல்லை இருந்தது. 2003 பதிப்பில் யூனிகோடு வடிவம் வந்தபோது இவ்வெல்லை உயர்த்தப்பட்டது. பழுதான பிஎஸ்டி கோப்பைச் சீராக்க ஸ்கேன்பிஎஸ்டி என்னும் கருவி உண்டு. அவுட்லுக்கிலும் நீட்சிகளின்றித் திறக்கும் பாதுகாப்பு நிலை இருக்கிறது.

எல்லாச் செயலிழப்பும் பயனரின் கணினியில் தோன்றுவதில்லை. 2020 ஜூலை 15 அன்று உலகின் பல பகுதிகளில் விண்டோசுக்கான அவுட்லுக் திறந்தவுடன் வீழ்ந்தது. இங்கு முதலில் கூறப்பட்ட அதே 0எக்ஸ்சி0000005 பிழையே பதிவானது. காரணம் மைக்ரோசாஃப்ட் தரப்பில் இருந்தது. அதனைத் திருத்தியதும் அந்நிறுவனமே. அதுவரை உலாவி வழியாக மடல்களைப் படிக்க முடிந்தது. அன்று காத்திருந்தவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. எனவே திடீரென ஒரு நாள் செயலிழப்பு தொடங்கினால், கோப்புகளைத் தொடுமுன் பிறருக்கும் அவ்வாறு நிகழ்கிறதா என்று கேட்டறிவது நன்று.

முன்னெச்சரிக்கை

ஒரே அடைவில் எல்லா மடல்களையும் குவிக்காமல் ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தால், ஒரு கோப்பு பழுதாகும்போது ஏற்படும் இழப்பு அந்த ஆண்டுடன் நிற்கும். எஃப்ஏடி32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது என்பதால், விரலியில் காப்புநகல் எடுப்போர் பெரிய மடல் கோப்புகள் முழுமையாகப் படியாயினவா எனச் சரிபார்க்க வேண்டும். புரொஃபைல் கோப்புறையை நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளின் உடனடிச் சோதனையிலிருந்து விலக்கலாம். தேவையற்ற நீட்சிகளை நீக்குவதும், வன்தட்டில் போதிய இடம் விடுவதும் செயலிழப்பைக் குறைக்கும்.

இவை அனைத்தையும் கடைப்பிடித்தாலும் செயலிழப்பு என்றேனும் நிகழக்கூடும். அன்று கையில் அண்மைக் காப்புநகல் ஒன்று இருப்பின், அது சிறிது நேரத்தை மட்டும் வீணாக்கும் சிக்கலாக முடிந்துவிடும்.